மஞ்சள் சீட்டில் என் பெயரையும் சேர்க்கக் கோரி

அனுப்புநர்
எழுத்தர்,
தொலைந்த பொருள் கவுண்டர்,
பயணியர் முனையம்.
(பாஸ் நிறுத்திவைக்கப்பட்டிருப்பதால் தற்சமயம் வாசலுக்கு வெளியே)

பெறுநர்
தலைமைப் பாதுகாப்பு அலுவலர் அவர்கள்,
விமான நிலையப் பாதுகாப்புப் பிரிவு.

பொருள்: ஊழியர் வாசல் துகள் சோதனைக் கூண்டில் நான் பலமுறை நிறுத்தப்பட்டது – என் கணவரின் நெஞ்சுவலி மாத்திரைக்கான மஞ்சள் சீட்டில் இன்னொரு பெண்ணின் பெயர் இருப்பது – சீட்டு தற்போது முடக்கப்பட்டிருப்பது – உடனடி நடவடிக்கை வேண்டுதல் தொடர்பாக.

பார்வை: "மூன்றாம் நபருக்குத் துகள் பரவியமை" குறித்துத் தங்கள் அலுவலகம் சென்ற வாரம் பிறப்பித்த ஆணை.

மதிப்பிற்குரிய ஐயா,

1. பார்வையில் கண்ட ஆணையில் மூன்றாம் நபர் என்று குறிப்பிடப்பட்டிருப்பவள் நான்தான். சம்பந்தப்பட்டவர்கள் இருவர். ஒருவர் சரக்குக் கிடங்கில் ஃபோர்க்லிஃப்ட் ஓட்டும் என் கணவர். மற்றவர் அதே கிடங்கின் கணக்கர். என் கணவரும் இன்னொரு பெண்ணும் முதலிரண்டு நபர்களாகவும், தாலி கட்டிக்கொண்ட நான் மூன்றாவதாகவும் ஆனது எப்படி என்பதைத் தங்கள் கீழ் அலுவலர்கள் ஒரே வரியில் எழுதி முடித்துவிட்டார்கள். அது ஒரு வரியில் அடங்குகிற விஷயம் அல்ல என்பதால் முழுவதையும் நானே எழுதுகிறேன். பொறுமையுடன் படிக்க வேண்டுகிறேன்.

2. நான் இந்த விமான நிலையத்தில் பயணிகள் விட்டுச்செல்லும் குடை, கண்ணாடி, பல்செட், குழந்தைகளின் ஒற்றைச் செருப்பு முதலியவற்றைப் பெற்று, உரியவரிடம் ஒப்படைக்கும் பணியில் இருக்கிறேன். என்மீது இதுவரை ஒரு புகாரும் இல்லை. ஊழியர் வாசலில் துகள் சோதனைக் கூண்டு வைக்கப்பட்டபோது எங்களில் பலர் முணுமுணுத்தார்கள். நான் முணுமுணுக்கவில்லை. தரையில் வரைந்திருக்கும் பாதத்தின்மேல் கால் வைத்து நின்றால், நாலாபுறமும் காற்று ஊதி, நம்மேல் ஒட்டியிருக்கும் கண்ணுக்குத் தெரியாத தூசியை உறிஞ்சிப் பார்க்கும். வெடிபொருள் துகள் இருந்தால் சிவப்பு விளக்கு, இல்லாவிட்டால் பச்சை. எங்களுக்குள் அதைக் காத்துப்பொட்டி என்போம். வாரிய தலை கலைவதைத் தவிர எனக்கு அதனால் தொந்தரவில்லை.

3. அப்படியிருக்க, ஒருநாள் எனக்குச் சிவப்பு எரிந்தது. பக்கத்து அறைக்குக் கூட்டிப்போய் என் கை, பை, உடை எல்லாவற்றையும் துணியால் துடைத்துப் பார்த்தார்கள். வாசல் ஆய்வாளர் கேள்விகள் கேட்டார். வீட்டில் யாராவது கல்குவாரியில் வேலை செய்கிறார்களா, உரம் கையாள்கிறார்களா, பட்டாசு இருக்கிறதா என்றெல்லாம் கேட்டுவிட்டுக் கடைசியாக, நெஞ்சுவலிக்கு நாக்கின் அடியில் வைக்கும் மாத்திரை யாராவது சாப்பிடுகிறார்களா என்றார். அந்த மாத்திரையிலும் வெடிமருந்தில் உள்ள அதே சரக்குதான் துளியளவு இருக்கிறதாம். நான் சிரித்துவிட்டேன். என் கணவருக்குக் கல்லைத் தின்றாலும் செரிக்கும், எங்கள் வீட்டில் தலைவலித் தைலம்கூட என் ஒருத்திக்காகத்தான் வாங்குவது என்று சொன்னேன். ஆய்வாளர் எழுதுவதை நிறுத்திவிட்டு என் முகத்தைப் பார்த்தார். நல்லா யோசிச்சுச் சொல்லுங்க என்றார். யோசிக்க என்ன இருக்கிறது, என் வீட்டைப் பற்றி எனக்குத் தெரியாதா என்றேன். அந்தப் பார்வைக்கு அர்த்தம் எனக்கு இப்போது தெரியும். மாத்திரையோடு கூண்டைக் கடக்க என் கணவரின் பெயரில் விலக்கு அளிக்கும் மஞ்சள் சீட்டைக் கொடுத்தவரே அவர்தான்.

4. பிறகு அடிக்கடி சிவப்பு எரிந்தது. எரியும் ஒவ்வொரு நாளும் கூண்டுக்கு எதிரே உள்ள பெஞ்சில் உட்காரவைக்கப்பட்டேன். என்னோடு டீ குடிப்பவர்கள் என்னைத் தெரியாதவர்கள் போலக் கடந்துபோனார்கள். கவுண்டர் பூட்டியே கிடந்ததால் பயணிகள் என் மேலதிகாரியிடம் சண்டைக்குப் போனார்கள். இதையெல்லாம்கூடப் பொறுத்துக்கொண்டேன். ஆனால் அந்தப் பெஞ்சில் இருந்தபோது நான் கண்ட ஒன்றை என்னால் பொறுக்க முடியவில்லை.

5. சரக்குக் கிடங்கின் கணக்கருக்கும் சிவப்பு எரிந்தது. அவர் பையிலிருந்து ஒரு மஞ்சள் சீட்டை எடுத்துக் காட்டினார். காவலர் வணக்கம் வைக்காத குறையாக உள்ளே விட்டார். கணக்கர் என்னைப் பார்த்துச் சிரித்துவிட்டுப் போனார். அவரைக் கிடங்கில் எல்லோரும் சிரிப்பக்கா என்று அழைப்பதாகக் கேள்வி. இம்மனுவில் நான் அவரைக் கணக்கர் என்றே குறிப்பிடுகிறேன்.

6. துகள் எங்கிருந்து வருகிறது என்பதைத் தங்கள் பெண் காவலர்தான் முதலில் கவனித்தார். துடைத்த துணிகளில் என் பாஸ் தொங்கும் பட்டைத் துணியில் மட்டுமே அது இருந்தது. ஐயா, அந்தப் பட்டையை என் கழுத்தில் மாட்டிவிடுவது என் கணவர். முன்பொரு முறை பாஸை மறந்துவிட்டு வந்து வாசலில் அவமானப்பட்டேன். அன்றிலிருந்து, தன் காலைப் பணிக்குக் கிளம்பும்போது ஆணியிலிருந்து பாஸை எடுத்து, அடுப்படியில் நிற்கும் என் கழுத்தில் போட்டு, "மறதிக்காரி" என்று சொல்லிவிட்டுத்தான் படியிறங்குவார். பாஸும் கழுத்துமாகத்தான் நான் சமையலை முடிப்பேன். இடையில் எங்களுக்குள் ஒரு சண்டை. சில நாள் நானே பாஸை மாட்டிக்கொண்டு வந்தேன். அந்த நாட்களில் எல்லாம் பச்சை. சமாதானமாகி அவர் மாட்டிவிட்ட அன்று சிவப்பு. ஆக, அந்தத் தூசி அவருடைய கையிலிருந்து வருகிறது. கணக்கரிடமும் அதே தூசி இருக்கிறது. ஒரே தூசி எப்படி இருவர் கையிலும் வந்தது என்று கணக்குப் போட எனக்குப் படிப்பு தேவைப்படவில்லை.

7. அதற்கு ஏற்றாற்போல் பலவும் நினைவுக்கு வந்தன. எங்கள் வீடு மூன்றாம் மாடியில், லிஃப்ட் கிடையாது. சில மாதங்களாகவே என் கணவர் இரண்டாம் மாடி வளைவில் நின்று கைப்பேசியைப் பார்ப்பார். நான் மேலிருந்து எட்டிப் பார்த்தால் ஒன்றுமில்லை என்பார். தண்ணீர் கேனைத் தூக்குவதை விட்டுவிட்டார், முதுகு பிடித்திருக்கிறதாம். படுக்கும்போது இரண்டு தலையணை கேட்டார், முகத்தைச் சுவர்ப்பக்கம் திருப்பிக்கொண்டார். இதையெல்லாம்விட, ஒருநாள் கேன்டீன் வாசலில் நின்று நானே பார்த்தேன். கணக்கர் தன் கைப்பையைத் திறந்து சின்னதாக எதையோ எடுத்துக் கொடுக்க, இவர் அதை வாங்கி அப்படியே வாயில் போட்டுக்கொண்டார். அந்த அம்மா சிரித்தார். மிட்டாய் ஊட்டி விளையாடுகிற வயதா இது என்று எனக்கு வயிறு எரிந்தது. கையில் இருந்த டீயைக் குடிக்காமலே கீழே ஊற்றிவிட்டுக் கவுண்டருக்குத் திரும்பினேன். அன்று ஒரு பயணிக்கு வேறொருவரின் மூக்குக்கண்ணாடியைக் கொடுத்துவிட்டேன். அதற்கான விளக்கக் கடிதம் தனியாகக் கொடுத்திருக்கிறேன்.

8. மஞ்சள் சீட்டில் என்ன எழுதியிருக்கிறது என்று தங்கள் அலுவலகத்தில் கேட்டேன். அது ஒருவரின் உடல்நலம் சம்பந்தப்பட்டது, சொல்ல முடியாது என்றார்கள். சரி, கணக்கருக்கு ஏதோ வியாதி போலிருக்கிறது என்று எடுத்துக்கொண்டேன். வியாதிக்காரிக்குத் தன் வீட்டில் ஆள் இல்லையா, என் புருஷன்தான் கிடைத்தாரா என்று மேலும் கொதித்தேனே தவிர, வேறுவிதமாக நினைக்கத் தோன்றவில்லை. பொறாமை ஒரு பக்கம்தான் பார்க்கும் ஐயா. தாங்களும் குடும்பஸ்தர், புரிந்துகொள்வீர்கள்.

9. மறுநாள் உணவு இடைவேளையில், உரிமையாளர் வராத ஒரு குடையைக் கையில் பிடித்துக்கொண்டு, யாருடையது என்று விசாரிக்கும் சாக்கில் சரக்குக் கிடங்குக்குப் போனேன். மரப்பலகை அடுக்குகளுக்குப் பின்னால் என் கணவர் உட்கார்ந்திருந்தார். கணக்கர் அவர் பக்கத்தில் மண்டியிட்டிருந்தார். ஒரு கை என் கணவரின் முதுகில், ஒரு கை நெஞ்சில். நான் குடையை ஓங்கினேன் என்று பிறகு சொன்னார்கள், எனக்கு நினைவில்லை. கையை எடு என்று சொன்னது மட்டும் நினைவிருக்கிறது. கணக்கர் கையை எடுக்கவில்லை. தலையை மட்டும் தூக்கி, மெதுவாக,

"கத்தாதீங்க அக்கா. மாத்திரை நாக்குக்கு அடியில இருக்கு. அண்ணன் இப்பப் பேசக் கூடாது"

என்றார். அப்போதுதான் என் கணவரின் முகத்தைப் பார்த்தேன். வேர்த்து, வெளுத்து, நான் பார்த்திராத ஒரு முகமாக இருந்தது. அவர் பயந்த கண்ணால் என்னிடம் ஏதோ சொன்னார். பயந்தது வலிக்கா, என்னைப் பார்த்தா என்று தெரியவில்லை.

10. வலி தணிந்தபின் தெரிந்துகொண்டது சுருக்கமாக. சென்ற மழைக்காலத்தில் என் கணவர் பணியில் இருக்கும்போதே மயங்கி விழுந்திருக்கிறார். கணக்கர்தான் வண்டி பிடித்து மருத்துவமனைக்குக் கூட்டிப்போனவர். மாத்திரையோடு கூண்டைக் கடக்கத் தங்கள் அலுவலகத்தில் விலக்குக் கேட்டபோது, வேலையிடத்தில் அருகில் இருந்து மாத்திரை எடுத்துத் தரக்கூடிய ஒருவரின் பெயரைக் கேட்டிருக்கிறீர்கள். இவர் கணக்கரின் பெயரைக் கொடுத்திருக்கிறார். இவருடைய மஞ்சள் சீட்டில் துணைக்கு அந்தப் பெயர், கணக்கருக்கும் தனியாக ஒரு சீட்டு. காலையில் படியிறங்கும் முன் குளியலறையில் ஒரு மாத்திரையை எடுத்துப் போட்டுக்கொண்டு, அந்தக் கையோடு என் கழுத்தில் பாஸை மாட்டியிருக்கிறார். அத்தனைக்கும் காரணம் அதுதான்.

11. ஏன் என்னிடம் சொல்லவில்லை என்று அன்று வீட்டில் கேட்டேன். சொன்னார்: "உங்கிட்ட சொன்னா நீ என்னை நோயாளியாப் பார்ப்ப. வீட்டுலயாவது நான் நல்லா இருக்கணும்னு நெனச்சேன்." கேட்கிறவர்களுக்கு இது அன்பாகத் தெரியலாம். எனக்கும் முதலில் அழுகை வந்தது. அப்புறம் யோசித்துப் பார்த்தேன். நல்லா இருக்கிறவர் எனக்கு, உள்ளபடி இருக்கிறவர் கணக்கருக்கு என்று அல்லவா பங்கு பிரித்திருக்கிறார்?

12. ஐயா, இங்கே ஒன்றை மறைக்காமல் பதிவு செய்ய விரும்புகிறேன். என் சந்தேகம் தீர்ந்துவிட்டது. பொறாமை தீரவில்லை. கணக்கர் தவறானவராக இருந்திருந்தால் எனக்கு என்ன செய்வது என்று தெரிந்திருக்கும். சண்டை போட்டிருப்பேன், நாலு பேரைக் கூட்டியிருப்பேன். தவறே செய்யாத ஒருவரை எப்படித் திட்டுவது? வலி எந்தப் பக்கத்தில் தொடங்கும் என்பது அவருக்குத் தெரியும். எந்த டாக்டர், எந்தக் கிழமை என்பது தெரியும். மாத்திரை போட்ட உடனே என் கணவர் ஏன் கண்ணை மூடிக்கொள்கிறார் என்பதுகூடத் தெரியும், தலைவலி வருமாம். சிரித்துப் பேசிப் பயத்தை மறக்கடிப்பதற்காகத்தான் சிரிப்பாராம். அதையும் அவரேதான் எனக்குச் சொன்னார். கூடப் படுத்துறங்குகிற நான், தங்கள் ஆய்வாளர் முன்னால் உட்கார்ந்து, கல்லைத் தின்றாலும் செரிக்கும் என்று வாய் நிறையச் சொல்லிக்கொண்டிருந்தேன். காத்துப்பொட்டிக்குத் தெரிந்தது எனக்குத் தெரியவில்லை.

13. இதற்குப் பிறகுதான் பார்வையில் கண்ட ஆணை வந்தது. விலக்குப் பெற்ற மருந்தின் துகள், விலக்கு இல்லாத மூன்றாம் நபருக்குப் பரவியிருப்பதால், விசாரணை முடியும்வரை என் கணவர், கணக்கர் இருவரின் மஞ்சள் சீட்டும் முடக்கப்பட்டன. மாத்திரையை ஊழியர் வாசலில் உள்ள பெட்டியில் ஒப்படைத்துவிட்டு, கை கழுவிக்கொண்டு உள்ளே போக வேண்டும். தேவைப்பட்டால் சீட்டில் பெயர் உள்ளவர் வந்து பெற்றுக்கொள்ளலாம் என்று உத்தரவு. வாசலுக்கும் கிடங்குக்கும் இடையே எவ்வளவு தூரம் என்பதை ஆணை எழுதியவர் நடந்து பார்க்கவில்லை என்றே நினைக்கிறேன்.

14. சென்ற சனிக்கிழமை நான் கவுண்டரில் இருந்தேன். கண்ணாடிக்கு அந்தப் பக்கம் கணக்கர் ஓடுவதைப் பார்த்தேன். அவர் சிரிக்காமல் இருந்து நான் பார்த்தது அதுதான் முதல் தடவை. யாரும் ஒன்றும் சொல்லத் தேவைப்படவில்லை. எதிரே நின்ற பயணியை அப்படியே விட்டுவிட்டு நானும் ஓடினேன். என் கவுண்டர் வாசலுக்குக் கிட்டத்தில் இருப்பதால் அவருக்கு முன்னால் போய்ச் சேர்ந்தேன். காவலரிடம் கையை நீட்டினேன். அவர் பெட்டியைத் திறந்து மாத்திரைக் குப்பியைக் கையில் எடுத்துவிட்டு, என் பாஸைப் பார்த்து, "பேரு இருக்கறவங்ககிட்டதான்மா குடுப்பேன்" என்றார். நான் அவர் மனைவி என்றேன். மனைவி என்று சீட்டில் இல்லை என்றார். அவர்மீது குற்றம் சொல்லவில்லை, அவருக்கு இட்ட உத்தரவு அது. நான் குப்பியைப் பிடுங்கினேன். அவர் விடவில்லை. அதற்குள் கணக்கர் மூச்சிரைக்க வந்து சேர்ந்தார். நான் நீட்டிய கைக்கு மேலாகக் காவலர் கணக்கரின் கையில் குப்பியைக் கொடுத்தார். எத்தனையோ பேருக்கு அவரவர் பொருளை எடுத்துக் கொடுத்த கை ஐயா என்னுடையது.

15. இருவரும் சேர்ந்தே கிடங்குக்கு ஓடினோம். பாதி வழியில் கணக்கருக்குக் கால் இடறியது. விழாமல் பிடித்துக்கொண்டேன். அவர் குப்பியை என்னிடம் கொடுத்து, "நீங்க போங்க அக்கா" என்றார். போனேன். மாத்திரையை நானே என் கணவரின் வாயில் வைத்தேன். நாக்கின் அடியில் வைக்கத் தெரியாமல் தடுமாறினேன். அவர்தான் என் விரலை நகர்த்தி இடம் காட்டினார். பிழைத்துக்கொண்டார். காவலரின் பணிக்கு இடையூறு செய்ததாக என் பாஸ் அன்று மாலையே நிறுத்திவைக்கப்பட்டது. பிடுங்கியது உண்மை. அதற்கு வருத்தம் தெரிவிக்கச் சொன்னால் தெரிவிக்கிறேன்.

16. வீட்டில் ஓய்வெடுக்கச் சொல்லிக் கெஞ்சிப் பார்த்தேன். சும்மா உட்கார்ந்திருந்தால் நெஞ்சு அடிப்பதையே கேட்டுக்கொண்டிருப்பேன் என்று சொல்லி இன்று காலை வேலைக்குப் போயிருக்கிறார். வண்டி ஓட்டுவதை நிறுத்தி, பெட்டிகளுக்கு லேபிள் ஒட்டும் வேலை கொடுத்திருக்கிறார்கள். அவருடைய நாற்காலி இப்போது கணக்கரின் மேசையை ஒட்டிப் போடப்பட்டிருக்கிறதாம். மாத்திரை வாசல் பெட்டியில் இருக்கிறது.

17. ஆகவே நான் வேண்டுவது:

அ. என் கணவர், கணக்கர் இருவரின் மஞ்சள் சீட்டையும் இன்றே விடுவிக்க வேண்டும். என்மீதான விசாரணை எத்தனை மாதம் நடந்தாலும் நடக்கட்டும், மாத்திரை அதற்காகக் காத்திருக்கக் கூடாது.

ஆ. வீட்டில் நெஞ்சுவலிக்காரர் யாரும் இல்லை என்று நான் கொடுத்த பதிலை நீக்கி, இருக்கிறார் என்று திருத்த வேண்டும். நான் பொய் சொல்லவில்லை. எனக்குத் தெரியாது. இரண்டில் எதை எழுதினால் எனக்குக் கேவலம் குறைவு என்று தங்கள் ஆய்வாளரே முடிவு செய்யட்டும்.

இ. மஞ்சள் சீட்டில் என் பெயரையும் சேர்க்க வேண்டும். நேற்று எழுதிய மனுவில், கணக்கரின் பெயரை அடித்துவிட்டு அந்த இடத்தில் என் பெயரை எழுத வேண்டும் என்று கேட்டிருந்தேன். அதுதான் நியாயம் என்று இப்போதும் தோன்றுகிறது. ஆனால் என் கவுண்டரிலிருந்து கிடங்குக்கு ஓடிப் பார்த்தவள் நான். பக்கத்திலேயே இருக்கும் கணக்கர் கையை நீட்டினால் போதும். எனவே அந்த மனுவைக் கிழித்துவிட்டேன். அவர் பெயர் மேலேயே இருக்கட்டும். என் பெயரை அதற்குக் கீழே எழுதினால் போதும். உறவு என்ற இடத்தில் மட்டும் மனைவி என்று தெளிவாக எழுதும்படி கேட்டுக்கொள்கிறேன்.

ஈ. என் பாஸைத் திருப்பித் தர வேண்டும். கவுண்டர் பூட்டிக் கிடக்கிறது, பொருளைத் தேடி வருகிறவர்கள் வெறுங்கையோடு போகிறார்கள்.

18. பாஸ் இல்லாததால் தங்கள் அலுவலகத்துக்கு நேரில் வர எனக்கு வழியில்லை. என் கணவரிடம் கொடுத்தனுப்பினால் படித்துவிட்டு வருத்தப்படுவார். ஆகவே இம்மனுவைக் கணக்கரே கொண்டுவந்து தங்களிடம் சேர்ப்பார். கேட்டவுடன் சரி என்றார், சிரிக்கவும் செய்தார். உறையை நன்றாக ஒட்டி, ஒட்டிய இடத்தில் கையெழுத்தும் போட்டிருக்கிறேன். பிரிக்கப்பட்டிருந்தால் தெரிவிக்கவும். பிரிக்கப்படாமல் இருந்தால் அதையும் தெரிவிக்கவும், அவரிடம் ஒரு வார்த்தை நல்லபடியாகச் சொல்ல வேண்டியிருக்கிறது.

தங்கள் பதில் வரும்வரை இங்கேயே காத்திருக்கும்,

(ஒப்பம்)
தொலைந்த பொருள் கவுண்டர் எழுத்தர்,
சரக்குக் கிடங்கு ஃபோர்க்லிஃப்ட் ஓட்டுநரின் மனைவி.

நாள்: செவ்வாய்க்கிழமை, காலை.
இடம்: ஊழியர் வாசலுக்கு எதிரே உள்ள பேருந்து நிறுத்தம்.